முதல் அமுக்கு

செப்டம்பர் 28, ஞாயிறு

பழைய நோட்டு முடிந்துவிட்டது. இது புதியது, கோடு போட்ட இருநூறு பக்கம். முதல் பக்கம் என்பதால் விவரங்களைக் கொஞ்சம் சேர்த்தே எழுதி வைக்கிறேன்.

காலை ஆறே காலுக்கு மகுடீசுவரனின் பிக்கப்பில் மூன்று சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கடுக்காய்ப்பாறைக்குப் போனோம். மகுடீசுவரன், வியாகுலம், நான். பாறையிலிருந்து ஓடைப்பாலம் வரை நான்கு கிலோமீட்டர் இருநூறு மீட்டர். பதினோரு வளைவு. காப்பித் தோட்டங்களின் ஊடே இறங்கும் குதிரைப்பாதை. மலைவாழைத் தார் சுமக்கும் மட்டக்குதிரைகள் இன்றும் இதில்தான் வருகின்றன. குதிரை வந்தால் நாங்கள் ஓரமாக நிற்கவேண்டும். அந்த ஒரு நிபந்தனையில்தான் தோட்டக்காரர்கள் எங்களை விட்டிருக்கிறார்கள்.

என் டயரில் காற்று 24. வியாகுலம் 26 வைத்திருந்தான். கல்லில் துள்ளுகிறது என்று மேலே நின்று கொஞ்சம் இறக்கினான்.

இறங்கும் முன் எல்சி. இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான். மின்வாரியத்தில் பத்து வருடம் வயர்மேன், பிறகு பன்னிரண்டு வருடமாக லைன் இன்ஸ்பெக்டர். கம்பத்தில் ஒருவன் ஏறும் முன், லைனில் கரண்ட் இல்லை என்று இன்னொருவன் பார்த்துச் சொல்லவேண்டும். லைன் கிளியர், சுருக்கமாக எல்சி. ஏறுகிறவன் தானே பார்த்துக்கொண்டது செல்லாது. சைக்கிளுக்கும் அதையே வைத்தோம். அடுத்தவன் வண்டியின் இரண்டு பிரேக் லிவரையும் அமுக்கிப் பார்த்து, ‘எல்சி’ என்று வாய் திறந்து சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் ஓட்டக்கூடாது, தள்ளிக்கொண்டுதான் இறங்கவேண்டும். ஐந்து வருடத்தில் ஒருமுறை மகுடீசுவரன் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். அன்று அவன் பிரேக் பேட் தேய்ந்து இரும்பு தெரிந்தது.

“மாயண்ணே, நீங்க லிவர அமுக்குறதப் பாத்தா மாட்டுச் சந்தையில பல்லப் புடிச்சுப் பாக்குற மாதிரியே இருக்கு” என்றான் இன்று.

“அது பல்லு இருக்குற மாட்டுக்குடா. ஒன் வண்டிக்கு ஏது பல்லு?” என்றான் வியாகுலம்.

வியாகுலத்தின் முன் பிரேக்கில், வலது கை லிவரில், லேசான தொளதொளப்பு. எல்சி கொடுத்தேன், ஆனால் ஆயில் மாற்றவேண்டும் என்றேன். கீழே வந்ததும் வண்டியை என் வீட்டில் விட்டுப் போனான். அதற்கு முன் பாலத்தில் உட்கார்ந்து வலது கை விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தொழில் பேக்கரி.

“காலையில எந்திரிச்சா மரத்துக் கெடக்கு மாயா. ரெண்டு சட்டி மாவு பெசஞ்சாத்தான் உசுரு வருது.”

இறக்கம் 19 நிமிடம். மழை இல்லை.

அக்டோபர் 3, வெள்ளி

பதிமூன்று மணி நேர டூட்டி. சில்வர் ஓக் மரம் சாய்ந்து இரண்டு கம்பத்தை இழுத்துப் போட்டுவிட்டது. முழுக்க மழையிலேயே வேலை. வீட்டுக்கு வரும்போது ஆறரை. எங்கள் தெருவிலும் கரண்ட் இல்லை. “லைன் இன்ஸ்பெக்டர் வீட்டுல மெழுகுவத்தி. யாருகிட்டயும் சொல்லிறாதீங்க” என்று மனைவி சுந்தரவடிவு சிரித்தாள்.

சாப்பிடும் முன் பிரேக் வேலையை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் என் வண்டி, பிறகு வியாகுலம் வண்டி. என் பிரேக்குக்கு மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் ஆயில். அவன் பிரேக்குக்கு மினரல் ஆயில். ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் சில நாளில் உப்பிக் கெட்டுவிடும். சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இரண்டு பாட்டிலும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. தனியாக வைக்கவேண்டும்.

நாற்பது நிமிடத்தில் முடிந்தது. அவன் லிவர் நன்றாக இறுகியிருக்கிறது. கண் எரிகிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

மழை. போகவில்லை.

அக்டோபர் 8, புதன்

வியாகுலம் வந்து வண்டியை எடுத்துப் போனான். கூலியாக ஒரு பை வெண்ணெய் பிஸ்கட். முழங்கால் கவசத்தின் பட்டை அறுந்திருக்கிறது, தைக்கக் கொடுக்கவேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

வியாகுலம் விழுந்துவிட்டான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மேலே போய்ச் சேர்ந்தது ஏழு இருபது. பாதை ஈரம், ஆனால் ஓடும் தண்ணீர் இல்லை. கிழக்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த மழை பிடிக்கும் முன் இறங்கிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். மகுடீசுவரன் வண்டிக்கு வியாகுலம் எல்சி சொன்னான். என் வண்டிக்கு மகுடீசுவரன். வியாகுலம் வண்டிக்கு நான். அமுக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது. சொன்னேன்.

முதலில் மகுடீசுவரன், நடுவில் வியாகுலம், கடைசியில் நான். ஆறாவது வளைவு வரை ஒன்றுமில்லை. அதை அடுத்துக் கொஞ்ச தூரம் பிரேக்கே பிடிக்கவேண்டாத சமதளம். ஏழாவது வளைவுக்கு முன் அறுபது மீட்டர் செங்குத்து இறக்கம், முனையில் கல்கட்டு. அந்த இறக்கத்தில் வியாகுலம் வேகத்தைக் குறைக்கவில்லை. பின் சக்கரம் மட்டும் கட்டிக்கொண்டு இழுபட்டது. வண்டி நேராகக் கல்கட்டில் மோதி, அவன் மேலே பறந்து காப்பிச் செடிக்குள் விழுந்தான். ஏறத்தாழ எட்டடிப் பள்ளம்.

நினைவு இருந்தது. ஹெல்மெட்டில் விரிசல். வலது மணிக்கட்டு பார்க்கச் சகிக்கவில்லை. வலது தோள்பட்டை இறங்கிக் கிடந்தது. கீழே இருந்து வந்த குதிரைக்காரர்கள் இரண்டு பேர் கம்பில் சாக்கைக் கட்டிக் கொடுத்தார்கள். நான்கு பேராகப் பாலம் வரை சுமந்தோம். அங்கிருந்து, வழக்கம்போல ஒரு தோட்டத்துப் பையன் சாலை வழியாகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த பிக்கப்பில் வத்தலக்குண்டு ஆஸ்பத்திரி, ஒன்றேகால் மணி நேரம். வழி முழுக்க அவன் கத்தவில்லை. “கை வரல, கை வரல” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

செடிக்குள்ளிருந்து வண்டியைத் தூக்கிய மகுடீசுவரன் லிவரை நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, “பிரேக்கு கல்லு மாதிரி இருக்கேண்ணே” என்றான். நான் தலையை ஆட்டினேன்.

அக்டோபர் 13, திங்கள்

மணிக்கட்டில் தகடு வைத்திருக்கிறார்கள். தோள் எலும்பு தானாகச் சேருமாம். அவன் மனைவி ஜெசிந்தா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நேற்றுப் பூசைக்குக் கட்டிய சேலையே இன்னும்.

“வேகமாப் போயிருப்பாருண்ணே. எத்தன தடவ சொல்லிருக்கேன், நாப்பத்திமூணு வயசாச்சு, மெல்லப் போங்கன்னு.”

“வேகமில்ல ஜெசி” என்றான் அவன். “புடிச்சேன் மாயா. வலது கையில ஒண்ணுமே வரல. பிரேக்குல ஏதாச்சுமா?”

“பிரேக்கு நல்லா இருக்கு. மகுடீசு பாத்தான்ல” என்றேன்.

அதை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அக்டோபர் 16, வியாழன்

அவன் வண்டி என் வீட்டில்தான் இருக்கிறது. கழுவினேன். முன் சக்கரம் கோணல், ஹேண்டில்பார் வளைவு, சீட் கிழிசல். முன் பிரேக்கை நாலைந்து முறை அமுக்கினேன். இறுக்கமாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மதியம் இரண்டு வரை டூட்டி. ஊரெல்லாம் நனைந்த வெடி.

மாலையில் பலகாரம் எடுத்துக்கொண்டு வியாகுலம் வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேக்கரி பூட்டிக் கிடக்கிறது. முறுக்கை இடது கையால் எடுத்தான்.

“மாயா, ஒனக்கு எங்கப்பாவத் தெரியும்ல.”

தெரியும். பேக்கரியைத் தொடங்கியவர். நாற்பத்தைந்து வயதில் வலது கையில் பிடி விட்டுப்போய், பிறகு கால், பிறகு எல்லாம். பதினோரு வருடம் கட்டிலில் கிடந்து போனார்.

“அவருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. தட்டப் புடிச்சாரு, தட்டு கீழ கெடந்துச்சு. ‘புடிச்சேனேடா, புடிச்சேனே’ன்னு நின்னாரு. எனக்கும் அதேதான். மூணு மாசமா மரத்துப்போகுதுன்னு சொன்னேன்ல. பிரேக்கு நல்லா இருக்கு, கைதான் இல்ல.”

டாக்டரிடம் கேட்டானாம். மதுரையில் நரம்புச் சோதனை செய்யலாம், ஆனால் கட்டைப் பிரித்த பிறகுதான். அதற்கு டிசம்பர் ஆகும்.

“ஜெசிக்கு இன்னும் சொல்லல. நீயும் சொல்லாத” என்றான்.

பன் ஒன்று தின்றேன். பெட்டிக்கடையில் ஜெசிந்தா வாங்கிவைத்த வேறு கம்பெனி பன். அவன் வீட்டில் வெளிப் பன் தின்றது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 24, வெள்ளி

பன்னிரண்டாம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். மேலே நான் அமுக்கியபோது லிவர் வழக்கத்தைவிட ஒரு விரல் அகலம் அதிகமாக உள்ளே வந்தது. ஈரத்தில் சில சமயம் அப்படி வரும்.

அக்டோபர் 26, ஞாயிறு

மகுடீசுவரன் கூப்பிட்டான். போகவில்லை. கம்பி அறுந்த வேலை இருப்பதாகச் சொன்னேன். கம்பி எதுவும் அறுந்திருக்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். சந்தைக்குப் போகும் வழியில் கல்லறைத் தோட்டத்து வாசலில் ஜெசிந்தாவைப் பார்த்தேன். கையில் பாதி எரிந்த மெழுகுவத்திக் கட்டு. என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அண்ணே, ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா? மாமா கல்லறையில அரை மணி நேரமா நிக்குறாரு. ‘எத்தன வருஷம் குடுப்பீங்க’ன்னு கேக்குறாரு. யார்கிட்ட கேக்குறாருன்னே தெரியல.”

ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

உள்ளே பார்த்தேன். மழைத்தூறலில் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான். கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்திருந்தான். பச்சைப் பிள்ளையை வைத்திருக்கிற மாதிரி.

தக்காளி மறந்துவிட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

மழை ஓயவில்லை. அலமாரியைச் சுத்தம் செய்தேன். பழைய டியூப் மூன்று, தேய்ந்த பேட் ஐந்து ஜோடி, காய்ந்துபோன டயர் பசை ஒரு பாட்டில். மோட்டார் சைக்கிள் பிரேக் ஆயில், முக்கால் பாட்டில் காலி. ஒரு வண்டிக்கு அத்தனை போகாது.

மினரல் ஆயில் பாட்டில் பின்னால் இருந்தது. மூடியைச் சுற்றி இருக்கும் சீல் உடைக்கப்படவில்லை.

செயின் துடைத்தேன். சுந்தரவடிவு வந்து பார்த்தாள். “ஏங்க, ஓட்டாத சைக்கிள எத்தன தடவ தொடைப்பீங்க?” என்றாள்.

நவம்பர் 10, திங்கள்

வேலைக்குப் போகும் முன் வியாகுலம் வண்டியின் லிவரை ஒருமுறை அமுக்கினேன். ஒரே ஒருமுறை.

மழை.

நவம்பர் 19, புதன்

காலை எட்டு மணிக்குப் பள்ளத்துத் தோட்டம் அருகே மின்மாற்றி வேலை. கம்பத்தில் ஏறவேண்டியவன் கோட்டைச்சாமி, எங்கள் வயர்மேன். சுவிட்சைத் திறந்தேன். திறந்திருக்கிறதா என்று கீழிருந்து பார்த்தேன். டெஸ்டரைத் தூக்கி மூன்று கம்பியையும் தொட்டுப் பார்த்தேன். எர்த் கம்பியை மாட்டச் சொன்னேன். மறுபடி டெஸ்டர்.

“எல்சி குடுங்க சார், மழ வருது.”

“இரு.”

மறுபடி பார்த்தேன்.

“என்ன சார், பொண்ணு ஜாதகமா பாக்குறீங்க? பத்துப் பொருத்தமும் பாத்தாச்சு. என்னைய ஏத்தி விடுங்க.”

கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். நான்காவது முறையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அவன் மேலே இருந்த ஐம்பது நிமிடமும் சுவிட்ச் கைப்பிடியை விட்டு நகரவில்லை. இறங்கி வந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சார், வீட்டுல ஒண்ணும் பிரச்சினை இல்லல்ல?” என்று மெதுவாகக் கேட்டான்.

இந்த வேலையில் நான் கொடுத்த எந்த எல்சியும் தப்பானதில்லை. அதைச் சொல்லிக்கொள்ளத்தான் இதை எழுதினேன் போலிருக்கிறது.

நவம்பர் 30, ஞாயிறு

வியாகுலம் பேக்கரியைத் திறந்திருக்கிறான். ஜெசிந்தாதான் அடுப்பில். கிறிஸ்துமஸ் கேக் ஆர்டர் நூற்றிருபது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து திராட்சையைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தான், இடது கையால்.

“இதுதான் கடைசி கிறிஸ்துமஸ்” என்றான். “ஜெசி தம்பிகிட்டப் பேசிட்டேன். வர்ற எட்டாம் தேதி வந்து எழுதி வாங்கிக்குறான். அவன் நடத்தட்டும். கையி விட்டுப் போனவன் அடுப்புக்கிட்ட நின்னா என்னைக்காச்சும் தட்டோட உள்ள விழுவான்.”

“சோதனையே இன்னும் செய்யலயேடா.”

“பதினொண்ணாம் தேதி போறோம். போயி என்ன, பேரு சொல்லுவாங்க. எனக்குப் பேரு வேணாம், எனக்குத்தான் தெரியுதே. சைக்கிள வித்துரு மாயா. ஹெல்மெட்டு, கவசம் எல்லாம் சேத்துக் குடுத்துரு. அதப் பாத்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கு.”

சொல்லிவிடலாம் என்றுதான் போயிருந்தேன். “வியாகுலம்” என்று தொடங்கினேன். ஒருவர் வந்து ஆறு முட்டை பப்ஸ் கேட்டார். கட்டிக் கொடுத்தேன். அவர் போன பிறகு, கேக்கு வாசம் நல்லா இருக்கு என்றேன்.

எட்டாம் தேதிக்கு எட்டு நாள்.

டிசம்பர் 4, வியாழன்

இரண்டாவது திருத்தம். இதுதான் சரியானது.

கடுக்காய்ப்பாறையில் வியாகுலம் வண்டியின் முன் லிவரை அமுக்கினேன். முதல் அமுக்கில் அது முழுக்க உள்ளே வந்து கைப்பிடியைத் தொட்டது. எதிர்ப்பே இல்லை. விட்டுவிட்டு மறுபடி அமுக்கினேன். இறுகியது. மூன்றாவது முறை கல். உள்ளே ரப்பர் போயிருந்தால் அப்படித்தான் இருக்கும். முதல் அமுக்கு வெறுமை, அடுத்தடுத்து அமுக்கினால் பிடிக்கும், சும்மா விட்டுவிட்டால் மறுபடி வெறுமை. மகுடீசுவரனுக்குக் கல்லாகத் தெரிந்ததும் அதனால்தான். அறுபது மீட்டர் இறக்கத்தில் முதல் அமுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

நான் இரண்டாவது அமுக்கை எடுத்துக்கொண்டேன். மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வாரம் மட்டும் எழுபது மணி நேர வேலை. இரண்டு வாரம் கழித்துக் கிடைத்த ஞாயிறு. அந்த நாலு கிலோமீட்டரை இறங்கிவிட வேண்டும் என்று இருந்தது. தள்ளிக்கொண்டு போ என்று அவனிடம் சொன்னால் அவனை விட்டுவிட்டு ஓட்ட மனம் வராது, நானும் தள்ளவேண்டியிருக்கும். கம்பத்தடியில் எவனாவது இப்படிச் செய்தால் அவன் வேலையைப் பிடுங்கச் சொல்லி நானே எழுதிக் கொடுப்பேன்.

எல்சி என்றேன். அவன் “தேங்ஸ்டா மாட்டு டாக்டர்” என்றான்.

டிசம்பர் 7, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

நேற்றுக் காலையிலிருந்து லிவரைத் தொடாமல் வைத்திருந்தேன். பூசை முடிந்து அவர்கள் திரும்பும் நேரம் பார்த்து, வண்டியைப் பேக்கரியின் பின் கதவு வழியாக அடுப்பறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கோணல் சக்கரம் வழியெல்லாம் உரசிக்கொண்டே வந்தது. ஜெசிந்தா தட்டுகளில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“இத எதுக்குடா தூக்கிட்டு வந்த? விக்கத்தான சொன்னேன்.”

“முன் பிரேக்க ஒரே ஒரு தடவ அமுக்கு.”

“கட்டுப் போட்ட கையிலயா?”

“எடது கையில.”

என்னை ஒருமாதிரி பார்த்தான். முன்னால் வந்து நின்று இடது கையை நீட்டி அமுக்கினான். லிவர் கைப்பிடியில் போய் ஒட்டியது. விட்டான். மறுபடி அமுக்கினான். இறுகியது. மூன்றாவது முறை கல்.

“என்னடா இது?”

“கொஞ்ச நேரம் விடணும்” என்றேன்.

பத்து நிமிடம் இருக்கும். ஜெசிந்தா அடுப்பிலிருந்து ஒரு தட்டை எடுத்து இன்னொன்றை வைத்தாள். பிறகு அவளை அமுக்கச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து அமுக்கினாள்.

“இதுல ஒண்ணுமே இல்லையேண்ணே. காத்தப் புடிச்ச மாதிரி இருக்கு.”

“அதேதான் ஜெசி” என்றான் வியாகுலம். “அன்னைக்கு எனக்கு அதேதான் இருந்துச்சு. அப்படியே.” கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை மடக்கினான், விரித்தான், மறுபடி மடக்கினான். “அப்ப என் கையில ஒண்ணுமில்ல. ஜெசி, அப்பாவுக்கு வந்தது எனக்கு வரல.”

அவளுக்கு அப்போதுதான் முழுதும் புரிந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவன் மைதா மூட்டையின் மேல் உட்கார்ந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர்.

ஆயில் மாறியதைச் சொன்னேன். எந்த பாட்டில், எந்த நாள், சீல் உடையாமல் இருந்தது, எல்லாம்.

“தெரியாமத்தான ஊத்துன” என்றான். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. “நாள் பூரா மழையில நின்னுட்டு வந்து, இருட்டுல. நானா இருந்தாலும் மாத்தித்தான் ஊத்தியிருப்பேன். விடுடா.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜெசிந்தா எனக்கு டீ எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

“இன்னொண்ணு இருக்கு” என்றேன். “மேல நின்னு அமுக்குனப்ப மொத அமுக்கு இப்படித்தான் உள்ள போச்சு. ரெண்டாவது இறுகுச்சு. அத வச்சு எல்சி சொல்லிட்டேன்.”

அவன் லிவரைப் பார்த்தான்.

“அன்னைக்கே தெரியும்.”

“தெரியும்.”

“ஆஸ்பத்திரியில பிரேக்கான்னு கேட்டேன். நல்லா இருக்குன்ன.”

“ஆமா.”

“எட்டு வாரம்டா. எங்கப்பா கெடந்த கட்டிலப் பாத்துக்கிட்டே எட்டு வாரம் கெடந்தேன். நீ வந்து வந்து பக்கத்துல ஒக்காந்த. பன்னு தின்ன. ‘சோதனையே செய்யலயேடா’ன்னு சொன்ன.”

அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்தது. ஜெசிந்தா டீயை வைத்துவிட்டு அதை எடுக்க ஓடினாள். திரும்பி வந்து, “அண்ணே, நீங்க கெளம்புங்க” என்றாள். அண்ணே என்றுதான் சொன்னாள்.

வண்டியைத் திருப்பக் கையை வைத்தேன்.

“அதத் தொடாத” என்றான் வியாகுலம்.

டிசம்பர் 8, திங்கள்

ஜெசிந்தாவின் தம்பி வரவில்லை. வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மகுடீசுவரன் போனில் சொன்னான். வேறொன்றும் சொன்னான்: “எங்கிட்டயும் அன்னைக்குத் தலைய ஆட்டுனீங்களேண்ணே. நான் கல்லுன்னு சொன்னத வச்சுத்தான அந்தாளு இத்தன நாள் கெடந்தாரு.”

டிசம்பர் 12, வெள்ளி

நேற்று மதுரையில் சோதனை முடிந்தது. இதுவும் மகுடீசுவரன் சொல்லித்தான். அப்பாவுக்கு வந்தது இல்லை. மாவு பிசைகிறவர்களுக்கு வரும் சாதாரண மரப்பாம். தூங்கும்போது கையில் பட்டை கட்டிக்கொண்டால் போதுமாம்.

டிசம்பர் 25, வியாழன்

வருடா வருடம் காலை பத்து மணிக்குள் கேக் வந்துவிடும். சுந்தரவடிவு மதியம் வரை தட்டைக் கழுவி மேடைமேல் வைத்திருந்தாள். பிறகு எடுத்து அடுக்கினாள். ஏன் என்று கேட்கவில்லை. இன்று மாலை அவளிடமும் சொன்னேன். “எனக்குப் போன மாசமே தெரியும்” என்றாள். “அந்த பாட்டில எடுத்து வெளிச்சத்துல வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னீங்க.”

ஜனவரி 3, சனி

மோட்டார் சைக்கிள் ஆயிலை வேலை சாமான் பெட்டிக்கு மாற்றினேன். அலமாரியில் இப்போது ஒரே பாட்டில்தான். இனி என்ன.

ஜனவரி 11, ஞாயிறு

நேற்று மகுடீசுவரன் கூப்பிட்டான். “நாளைக்கு வாங்கண்ணே. அவரும் வர்றாரு. ஓட்ட மாட்டாரு, சும்மா மேல வரைக்கும்.” நான் வருவது அவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். “அவருதான் கூப்பிடச் சொன்னாரு.”

வியாகுலம் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். நான் பின்னால் சைக்கிள்களோடு ஏறிக்கொண்டேன். மேலே ஏழு மணி. தெளிந்த வானம், பாதை காய்ந்திருந்தது. நவம்பர் மழை நான்காவது வளைவில் புதிதாக ஒரு பள்ளம் பறித்திருப்பது அங்கிருந்தே தெரிந்தது.

வியாகுலம் இறங்கி வந்தான். மகுடீசுவரன் வண்டியின் லிவர்களை ஒவ்வொரு முறை அமுக்கினான். வலது கையால்தான். மணிக்கட்டில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. “எல்சி” என்றான்.

பிறகு என் வண்டிக்கு வந்தான். பின் லிவரை ஒருமுறை. முன் லிவரை ஒருமுறை. முதல் அமுக்கிலேயே இறுகியது. எனக்குத் தெரியும், காலையில் பார்த்திருந்தேன். அவன் கையை எடுக்கவில்லை. விரல்கள் வெளுக்கும்வரை பிடித்திருந்தான். பிறகு விட்டான்.

நான் காத்திருந்தேன். மகுடீசுவரனும் காத்திருந்தான்.

வியாகுலம் ஒன்றும் சொல்லவில்லை. போய் டிரைவர் பக்கம் ஏறிக்கொண்டு பிக்கப்பைத் திருப்பினான்.

“அண்ணே” என்றான் மகுடீசுவரன், என்ன செய்வதென்று தெரியாமல்.

“ஒனக்குத்தான் சொல்லியாச்சுல்ல. நீ போ” என்றேன்.

தள்ளிக்கொண்டு இறங்கினேன். இறக்கத்தில் வண்டியைத் தள்ளுவது ஏற்றத்தைவிடச் சிரமம். வண்டி ஓடப் பார்க்கும், பிடித்துக்கொண்டே நடக்கவேண்டும். ஏழாவது வளைவில் கல்கட்டின் மேல் வரிசைக்கல் இரண்டு இன்னும் பெயர்ந்தபடி கிடந்தன. எடுத்து வைத்தேன். அங்கே ஒரு குதிரைக்காரர் எதிரே வந்தார். சாக்கு கட்டிக் கொடுத்த இருவரில் ஒருவர்.

“என்ன சார், பஞ்சரா?”

“இல்லண்ணே.”

“அப்பறம் எதுக்குத் தள்ளுறீங்க?”

“எல்சி கெடைக்கல.”

அவருக்கு விளங்கவில்லை. குதிரைக்கு வழிவிட்டு ஓரமாக நின்றேன்.

பாலத்தில் பிக்கப் நின்றுகொண்டிருந்தது. நான் வருகிறவரை நின்றிருக்கிறது. வந்ததும் என்ஜினைப் போட்டான்.

இறக்கம் ஒரு மணி இருபத்தெட்டு நிமிடம்.

ஜனவரி 18, ஞாயிறு

காற்று 24. மேலே ஏழு பத்து. இரண்டு லிவரையும் ஒவ்வொரு முறை அமுக்கினான். சொல்லவில்லை.

இறக்கம் ஒரு மணி இருபத்தொரு நிமிடம். மழை இல்லை.